கல் எழக் கண்டார்; மக்கள் எழக் காணார்!

நள்ளிரவு. ஆளரவமற்ற வெளியிலே ஒரு பழைய விடுதி. உள்ளே நால்வர். மூவர் கப்பல் தொழிலாளிகள். நான்காமவன் நொடித்துப்போன கனவான். கீழ்த்திசைக் கோயில் ஒன்றிலே, கிளெஷ் என்னும் சிலைக்குக் கண்ணாகப் பதித்திருந்த மாணிக்கத்தைப் பெயர்த்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். அந்தக் கோயிலின் பூசாரிகள் மூவர் கடல் கடந்து துரத்தி வருகிறார்கள். கனவான் கலங்கவில்லை. வலை விரிக்கிறான்; பூசாரிகள் சிக்குகிறார்கள்; மூவரும் மாள்கிறார்கள். இனி அச்சமில்லை என்று களிப்பு மிகும் வேளையிலே, வெளியே காலடி ஓசை! கனத்த காலடி. கல்லின் காலடி! கண்ணிழந்த சிலை தடவித் தடவி உள்ளே வருகிறது, மாணிக்கத்தை எடுத்து நெற்றியிலே பொருத்திக்கொள்கிறது, திரும்பிப் போகிறது. பின்னர், இருளிலிருந்து ஒரு குரல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறது. போகிறார்கள். திரும்பவில்லை.

'விடுதியில் ஓர் இரவு' என்று தமிழில் சொல்லத்தக்க இந்த ஓரங்க நாடகத்தை எழுதியவர் டன்சனி பிரபு. 1916ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலே முதன்முதலாக மேடையேறியது. கலைப் பட்டத்துக்குப் படித்த நாட்களிலே, பழைய நாடகத் தொகுதி ஒன்றில் இதைப் படித்தேன். சிலை நடக்குமா? கல்லுக்குக் கால் முளைக்குமா? பகுத்தறிவை நம்பும் இளைஞன் வேறென்ன கேட்பான்! 'பாட்டி கதை' என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

இப்போது நான் பள்ளி ஆசிரியன். ஆண்டு விழாவுக்கு நாடகம் தேடிய மாணவர்கள் கண்ணில் அதே தொகுதி பட்டது. இந்த நாடகமே வேண்டும் என்றனர். "எழுதியவர் யார், ஐயா?" என்று கேட்டான் ஒருவன். "அயர்லாந்து நாட்டுப் பிரபு" என்றேன். "அயர்லாந்து விடுதலைக்குப் போராடிய நாடாயிற்றே! இவரும் போராடினாரா?" என்றான் அவன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்வதுதானே ஆசிரியன் கடமை! தேடினேன், படித்தேன். விடை கிடைத்தது.

ஆம், போராடினார். எதிர்ப்பக்கத்திலே நின்று போராடினார்!

அந்த விடையைக் கண்ட பிறகு, மூடிய புத்தகத்தை மறுபடியும் திறந்தேன். கல் நடக்கும் கதை அப்போது வேறு விதமாகத் தெரிந்தது. அந்த வேற்றுமையை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்வர்டு பிளங்கட் என்பது அவர் பெயர். 1878ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், இலண்டன் மாநகரிலே பிறந்தார். 1899இல் தந்தை மறைய, இருபது வயதிலே டன்சனியின் 18ஆம் பிரபு ஆனார். பட்டத்தோடு கோட்டையும் வந்தது. பண்டை அயர்லாந்தின் மன்னர்கள் முடிசூடிய இடமென்று போற்றப்படும் தாரா மலைக்கு அருகே, மீத் மாவட்டத்திலே, 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் எழுப்பிய கோட்டை அது. ஈட்டன் பள்ளியில் படித்தார். சாண்டர்ஸ்டில் படைப்பயிற்சி பெற்றார். பேரரசின் படையிலே சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு பொருதினார். 1906இல் பழமைக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். இங்கிலாந்தின் மேற்கு வில்ட்ஷயர் தொகுதியில் நின்று தோற்றார். வேட்டை, சதுரங்கம், கிரிக்கெட்டு, வாத்து இறகினால் எழுதும் எழுத்து. இவை அவர் வாழ்க்கை. அயர்லாந்து பிரிட்டனோடு பிணைந்தே கிடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இறுதிவரை அதிலே இம்மியும் மாறவில்லை.

பிரபு என்ற சொல்லுக்கு அந்நாட்டிலே என்ன பொருள்? உழுதவன் ஒருவன், உடையவன் வேறொருவன் என்று பொருள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் பரவியது. அடுத்த சில ஆண்டுகளிலே ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அதைவிடக் குறையாத எண்ணிக்கையினர் கப்பலேறி வெளிநாடு போயினர். அதே ஆண்டுகளிலே தானியமும் கால்நடையும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன! இந்த நினைவு ஆறாத நெஞ்சத்தோடு, 1879இல் மைக்கேல் டேவிட் நிலச் சங்கம் கண்டார். பார்னெல் தலைமை தாங்கினார். குத்தகைக்காரர் ஒன்றுபட்டனர். வாரம் குறைக்க மறுத்த நிலக்கிழார்களின் மாளிகைகள் நடுங்கின. முடிவிலே, 1903ஆம் ஆண்டு விண்டம் சட்டம் வந்தது: அரசு கடன் கொடுக்கும், குத்தகைக்காரன் நிலத்தை வாங்கிக்கொள்ளலாம், விற்கும் நிலக்கிழாருக்கு விலைக்கு மேலே நூற்றுக்கு 12 ஊக்கத்தொகை! இழப்பவனுக்கும் பரிசு கொடுத்து அனுப்பிய சட்டம் அது. எப்படியாயினும், நூற்றாண்டுகளாக அசையாதிருந்த நிலம் அசையத் தொடங்கிவிட்டது.

டன்சனியின் முதல் நூல் வெளிவந்தது எப்போது? 1905இல். நிலம் அசையத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில்!

'பெகானாவின் தெய்வங்கள்' என்பது அந்நூல். எந்த மதத்தையும் சாராமல், தாமே ஒரு தெய்வக் கூட்டத்தைப் படைத்துக் காட்டுகிறார். எல்லாத் தெய்வங்களையும் உண்டாக்கிய பெருந்தெய்வம் ஒன்று உறங்கிக் கிடக்கிறது. அதன் அருகே ஸ்கார்ல் என்பவன் இடையறாது முரசு கொட்டுகிறான். முரசு ஒலிக்கும்வரை உறக்கம். உறக்கம் நீடிக்கும்வரை உலகம். அவன் கை ஓய்ந்தால் பெருந்தெய்வம் விழிக்கும். விழித்தால் உலகமும் இல்லை, சிறு தெய்வங்களும் இல்லை!

அழகான கற்பனை. ஐயமில்லை. ஆனால் இந்த ஒன்றோடு நிற்கவில்லை. 1911இல் வந்த 'மலைத் தெய்வங்கள்' நாடகத்தைப் பாருங்கள். பிச்சைக்காரர் எழுவர், மலைமேல் அமர்ந்திருக்கும் ஏழு பச்சைக்கல் தெய்வங்களாக வேடமிட்டு நகரத்தாரை ஏமாற்றுகிறார்கள். விருந்தும் வழிபாடும் குவிகின்றன. இறுதியில் மலைமேல் அமர்ந்திருந்தவை எழுந்து நடந்து வருகின்றன. வேடதாரிகளைக் கல்லாக்கிவிட்டுப் போகின்றன. கல்லானவர்களைக் கண்ட மக்கள், உண்மைத் தெய்வங்களையல்லவா ஐயுற்றோம் என்று மண்டியிடுகிறார்கள்! மூடநம்பிக்கை எப்படி முளைக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய நாடகம் அரிது.

1933இல் எழுதிய 'மந்திரக் கிழவியின் சாபம்' என்னும் நாவலில், சதுப்பு நிலத்தை வெட்டி எடுத்து வாணிகம் செய்ய ஓர் ஆங்கிலக் கம்பெனி வருகிறது. கிழவி சபிக்கிறாள். சதுப்பு நிலமே பெயர்ந்து நகர்ந்து வந்து கம்பெனியை விழுங்குகிறது.

இப்போது வரிசையாக வைத்துப் பார்ப்போம். உறங்கியது விழித்தால் உலகம் அழியும். அமர்ந்தது எழுந்தால் வேடம் கலையும். கிடந்தது நகர்ந்தால் கட்டியது மூழ்கும். கண்ணிழந்தது நடந்து வந்தால் கவர்ந்தவன் மாள்வான். ஒரே அச்சம், நால்வகை உருவத்தில்! அசையாது என்று நம்பியிருந்த ஒன்று அசைகிறது, அடித்தளத்தில் கிடந்தது மேலெழுந்து வருகிறது, கணக்குக் கேட்கிறது.

இது வேண்டுமென்றே எழுதிய உருவகம் என்று நான் சாதிக்கவில்லை. கனவு காண்பவன் தன் கனவுக்குப் பொருள் அறிந்தா காண்கிறான்? ஆனால் குத்தகைக்காரன் எழுந்து நிற்கும் காலத்திலே கோட்டைக்குரிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரின் கனவிலே, மீண்டும் மீண்டும் கல் எழுந்து நடந்து வருகிறதென்றால், அந்தக் காலடி ஓசை எங்கிருந்து கேட்டிருக்கும் என்று வாசகன் எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும்?

அவர் கதைகளிலே கல் எழுகிறது, மலை எழுகிறது, சதுப்பு எழுகிறது. மக்கள் எழுகிறார்களா?

ஒரே ஒரு நாடகத்தில் எழுகிறார்கள். 1911இல் டப்ளின் நகரத்து ஆபி நாடக அரங்கிலே நடிக்கப்பட்ட 'அர்கிமினிஸ் மன்னனும் பெயரறியா வீரனும்' அது. அடிமைகள் எலும்பைக் கடித்துக்கொண்டு மண் வெட்டுகிறார்கள். மண்ணுக்கடியிலே புதைந்திருந்த வாள் ஒன்று கிடைக்கிறது. கிளர்ச்சி வெடிக்கிறது. கொடுங்கோலன் ஆட்சி கவிழ்கிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது! ஆனால், வாள் கிடைப்பது யாருக்கு? அடிமையாய்ப் பிறந்து அடிமையாய் வளர்ந்தவனுக்கா? இல்லை! போரில் தோற்று அடிமையான ஒரு மன்னனுக்கு! மற்ற அடிமைகள் அவன் பின்னே போகிறார்கள். முடிவில் அரியணையில் ஆள் மாறுகிறான். அரியணை அப்படியே இருக்கிறது. எழுச்சிக்குக்கூட ஓர் அரச குருதி தலைமை தாங்க வேண்டும் என்பது அந்த நாடகத்தின் அடியிலே கிடக்கும் நம்பிக்கை. விடுதி நாடகத்திலும் அதுதானே! திருடர் நால்வரில் மூளை யாருடையது? கனவானுடையது! தொழிலாளிகள் மூவரும் அஞ்சுகிறார்கள், உளறுகிறார்கள். கனவான் மட்டுமே சிந்திக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1909இல் அதே ஆபி அரங்கில் நடந்த அவருடைய முதல் நாடகம் 'ஒளிரும் வாயில்'. இறந்துபோன கன்னக்கோல் திருடர் இருவர் சொர்க்கத்தின் வாசலிலே நிற்கிறார்கள். ஒருவன் பூட்டைத் திறந்துவிடுகிறான். உள்ளே? வெறும் வெளி. விண்மீன்கள். வேறொன்றுமில்லை! சொர்க்கத்தின் பூட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று நாடக மேடையிலே காட்டத் துணிந்த பேனா அது. அந்தத் துணிவைப் போற்றுகிறேன். ஆனால் அதே பேனா, நில உடைமை என்னும் பூட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. வானத்தை ஐயுற்றவர், வரிவாரத்தை ஐயுறவில்லை!

எழுத்து இப்படி. வாழ்க்கை எப்படி? அதை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. பிரான்சிஸ் லெட்விட்ஜ் என்பது அதன் பெயர்.

டன்சனியின் கோட்டை இருக்கும் அதே மீத் மாவட்டத்திலே, ஸ்லேன் என்னும் சிற்றூரில், 1887இல் பிறந்தவர் லெட்விட்ஜ். ஐந்து வயதளவிலே தந்தையை இழந்தார். தாய் வயல் வேலை செய்து பிள்ளைகளைக் காத்தாள். பள்ளிப்படிப்பு இளமையிலேயே நின்றது. பண்ணையாள், கடைப் பையன், செப்புச் சுரங்கத் தொழிலாளி, சாலைக் கூலி எனப் பல வேலை பார்த்தார். சுரங்கத்திலே நிலைமை பொறுக்காமல் வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டினார், வேலை போயிற்று. பின்னர் மாவட்டத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார். இதற்கிடையிலே கவிதை எழுதினார். கருங்குயிலின் குரலையும் வேலியோரப் பூவையும் பாடினார். 1912இல் தம் கவிதை ஏட்டை டன்சனி பிரபுவுக்கு அனுப்பினார்.

பிரபு என்ன செய்தார்? குப்பைக்கூடையிலே போடவில்லை. படித்தார்; வியந்தார்; பாராட்டி எழுதினார். தம் கோட்டையின் நூலகத்தைத் திறந்துவிட்டார். யேட்ஸ் போன்ற பெருங்கவிஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார். கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, பதிப்பாளரைப் பிடித்து, முன்னுரை எழுதி, நூலாக்கினார். கூலிக்காரன் கவிதைக்கு ஒரு கோட்டை இவ்வளவு செய்தது சிறிதன்று. இதை மறைத்துவிட்டு டன்சனியைத் திட்டினால், அது திறனாய்வாகாது, வசையாகும்.

முதல் தொகுதிக்கு 1914 சூனில் எழுதிய அந்த முன்னுரையிலே அவர் ஒரு கருத்துச் சொல்கிறார். அயர்லாந்தின் உழவர்களிடையே ஒரு கவிஞர் தோன்றுவாரா என்று தாம் தேடிவந்ததாகவும், கவிதைக்குத் தகுந்த மொழி நாள்தோறும் வழங்குவது பெரும்பாலும் அவர்களிடையேதான் என்று தமக்குத் தோன்றியதாகவும் சொல்கிறார். எவ்வளவு உயர்ந்த பாராட்டு! உழைப்பவன் நாவிலேதான் மொழி உயிரோடிருக்கிறது என்று ஒரு பிரபு ஒப்புக்கொள்கிறார்!

ஆனால் சற்றே நின்று கேட்போம். கவிதைக்குத் தகுந்த மொழி அவனிடம் இருக்கிறதென்றால், ஆட்சிக்குத் தகுந்த மொழி அவனிடம் இல்லையா? கருங்குயிலைப் பற்றி அவன் பேசினால் அது கவிதை. கூலியைப் பற்றிப் பேசினால்? நாட்டைப் பற்றிப் பேசினால்? உழவனின் சொல் வேண்டும், அவன் தீர்ப்பு வேண்டாம். இதுதான் டன்சனியின் நிலை. வெளியுலகம் அறிந்துகொண்டதும் 'உழவர் கவிஞ'ரைத்தான். வேலைநிறுத்தத்தால் வேலையிழந்த சங்கச் செயலாளரையன்று.

1914இல் நாட்டுரிமைக்காகத் திரண்ட அயர்லாந்துத் தொண்டர் படையின் ஸ்லேன் கிளையைத் தொடங்கியவர்களில் லெட்விட்ஜும் அவர் தம்பியும் இருந்தனர். அந்த ஆண்டே உலகப்போர் மூண்டது. யாரும் எதிர்பாராத வகையிலே, அக்டோபர் மாதம் லெட்விட்ஜ் பிரிட்டிஷ் படையிலே சேர்ந்தார். டன்சனி இருந்த அதே இனிஸ்கில்லிங் படைப்பிரிவிலே சேர்ந்தார். பொதுப் பகைவனைப் பிரிட்டன் தடுத்து நிற்கும்போது நாம் வீட்டிலே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருப்பதா என்பது அவர் சொன்ன காரணம். டன்சனி அவரைச் சேரச் சொல்லவில்லை; தடுத்தார்! போருக்குப் போகாமலிருந்தால் உதவித்தொகை தருவதாகவும் சொன்னார். கவிஞர் மறுத்துவிட்டார்.

தம்மை நேரிலே காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். அங்கே பரிசில் சிறிதென்பது குறையன்று. புலவரைக் காணவில்லை என்பதே குறை. டன்சனி லெட்விட்ஜைப் பலமுறை கண்டார். அருகே அமர்த்திப் பேசினார். ஆயினும் முழு மனிதனைக் கண்டாரா? பாடுபவனைக் கண்டார். அவனுக்குள்ளே இருந்த குடிமகனைக் காணவில்லை.

1916 ஏப்ரல் 24. ஈஸ்டர் திங்கள். டப்ளின் நகரிலே குடியரசுப் பறைசாற்று. அதிலே கையொப்பமிட்ட எழுவருள் ஒருவர் பெயர் சோசப் பிளங்கட். டன்சனியின் குடிப்பெயர்தான்! அதே பழங்குடியின் மற்றொரு கிளையில் வந்தவர். மறுநாள், விடுப்பில் இருந்த டன்சனி பிரபு, எழுச்சியை அடக்கும் படைக்கு உதவக் காரேறி டப்ளினுக்கு விரைந்தார். ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்துக்கு அருகே தடையரண் ஒன்றில் குண்டு பாய்ந்தது. முகத்திலே காயம். எழுச்சிக்காரர்களிடம் சிறைப்பட்டார், மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார், பிழைத்தார்.

கதைகளிலே பலமுறை கேட்ட காலடி ஓசை, இப்போது உண்மையாகவே தெருவிலே கேட்டது. எழுந்து வந்தது கல்லன்று. கவிஞர்களும் ஆசிரியர்களும் கடைச் சிப்பந்திகளும் தொழிலாளிகளும் எழுந்து வந்தனர். ஒரு வாரத்திலே எழுச்சி அடக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்திலே தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். மே 3ஆம் நாள் மாண்டவருள் ஒருவர் தாமஸ் மக்டோனா; கவிஞர், பல்கலைக்கழக ஆசிரியர், லெட்விட்ஜின் நண்பர். மறுநாள் சோசப் பிளங்கட்.

அப்போது பிரிட்டிஷ் படையுடையிலே இருந்தார் லெட்விட்ஜ். எந்தப் படையிலே அவர் இருந்தாரோ, அந்தப் படையே அவர் நண்பரைச் சுட்டது! உள்ளம் உடைந்தது. விடுப்பு முடிந்தும் காலம் தாழ்த்தித் திரும்பினார், குடித்திருந்தார், படை நீதிமன்றம் அவருடைய பதவிப் பட்டையைப் பறித்தது. அந்த வேதனையிலே மக்டோனாவுக்கு ஓர் இரங்கற்பா எழுதினார். அயர்லாந்தைக் கறுப்புப் பசுவாக உருவகிக்கும் பழைய மரபை எடுத்து, அது வறண்ட மேட்டை விட்டுப் பசும்புல்வெளிக்குப் போகும் நாளைக் கனவு காணும் பாட்டு. ஆரவாரமில்லை, ஆத்திரமில்லை, படித்தவர் மறப்பதில்லை.

இனி வருவதுதான் வியப்பு. அந்த இரங்கற்பா இடம்பெற்ற 'அமைதியின் பாடல்கள்' தொகுதி 1917இல் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் யார்? டன்சனி! எழுச்சிக்காரர் குண்டினைத் தம் முகத்திலே ஏந்தியவர், எழுச்சித் தலைவனுக்கான இரங்கற்பா அடங்கிய நூலை உலகுக்கு அறிமுகப்படுத்துகிறார்! இலக்கிய நேர்மை என்பது இதுவே. அதற்காக அவரை வணங்கலாம்.

ஆனால், அந்தப் பாட்டு அவரை மாற்றியதா? தம்மால் வளர்க்கப்பட்ட கவிஞன் ஏன் அழுகிறான், யாருக்காக அழுகிறான், அந்த அழுகையிலே தமக்கும் தம் வகுப்பாருக்கும் சொல்லப்பட்ட செய்தி என்ன என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டின் அழகைக் கண்ட கண், பாட்டின் பொருளுக்கு முன்னே மூடிக்கொண்டது.

1917 சூலை 31. பெல்ஜியத்திலே ஈப்பர் போர்முனை. சேற்றிலே சாலை அமைக்கும் பணியில் இருந்தார் லெட்விட்ஜ். எறிகுண்டு விழுந்தது. மாண்டார். மீத் மாவட்டத்திலே சாலைக் கூலி. பெல்ஜியத்திலும் சாலைக் கூலி! வயது முப்பது நிரம்பவில்லை. அவர் இறந்த பின்னும் எஞ்சிய பாடல்களைத் தொகுத்து 1918இல் வெளியிட்டவர் டன்சனியே.

பிறகு விடுதலைப் போர். பேரரசுக்காகக் குண்டடி பட்ட பிரபுவை, 1921 தொடக்கத்திலே, பேரரசின் படை நீதிமன்றமே கூண்டில் ஏற்றியது! வேட்டைத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பாதுகாப்பின்றி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டம் 25 பவுன். எந்த ஆட்சியைத் தம் ஆட்சி என்று அவர் நம்பினாரோ, அந்த ஆட்சியின் கண்ணுக்கு அவரும் அயர்லாந்துக்காரரே! அப்போதாவது நின்று சிந்தித்திருக்கலாம்.

"பிறந்த இடம் அப்படி, வளர்ந்த முறை அப்படி, அவர் வேறெப்படி எண்ணியிருக்க முடியும்?" என்று இரங்குவோர் உண்டு. அந்த இரக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிறப்பு ஒருவரின் எண்ணத்தை முடிவு செய்துவிடும் என்பது, ஏழைக்குச் சொன்னாலும் பொய். பிரபுவுக்குச் சொன்னாலும் பொய்.

சான்று வேண்டுமா? தொலைவிலே தேட வேண்டாம். டன்சனியின் சிற்றப்பா ஓரசு பிளங்கட். அதே குடி. அவரும் தொடக்கத்திலே பிரிட்டனோடு பிணைப்பு வேண்டும் என்ற கட்சியிலே நாடாளுமன்றம் போனவர். ஆனால் உழவர்களிடையே சென்றார். 1889 முதல் பால் பண்ணைக் கூட்டுறவுகளைக் கட்டினார். 1894இல் அவற்றுக்கெல்லாம் ஒரு பொது அமைப்புக் கண்டார். உழவரோடு பழகப் பழக, தன்னாட்சி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். விடுதலை பெற்ற நாட்டின் மேலவையிலே உறுப்பினரானார். உள்நாட்டுப் போரிலே, 1923 சனவரியில், அரசை எதிர்த்தவர்கள் அவர் வீட்டைக் கொளுத்தினர். மனம் மாறாத டன்சனியின் கோட்டையோ எரியாமல் நின்றது. வரலாறு எப்போதும் நீதியோடு நடப்பதில்லை. ஆனால் மனிதன் மாற முடியும் என்பதற்கு அந்த எரிந்த வீடு சான்று.

கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் யார்? ஸ்லைகோ மாவட்டத்து லிசடெல் மாளிகையிலே நிலக்கிழார் மகளாக வளர்ந்தவர். 1916இல் துப்பாக்கி ஏந்தி எழுச்சியின் பக்கம் நின்றார்; மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது; 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் ஆனார். பார்னெல்? அவரும் நிலக்கிழாரே! மாளிகைக் கதவு உள்ளிருந்தும் திறக்கும் என்பதை இவர்கள் காட்டினார்கள். டன்சனி திறக்கவில்லை. அது விதியன்று, அவர் தேர்ந்துகொண்டது.

ஒரு படைப்பாளிக்கு இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு உண்டு. 'மந்திரக் கிழவியின் சாபம்' நாவலையே எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் மண்ணை, அதன் மணத்தை, சதுப்பு நிலத்தின்மேல் படரும் மாலை ஒளியை அவரைப்போல் எழுதியவர் சிலரே. தொடக்கத்திலே, நிலக்கிழாரைக் கொல்ல ஆயுதத்தோடு சிலர் இரவில் வருகிறார்கள். அவர் தப்பி ஓடுகிறார். அருமையான காட்சி! ஆனால் அவர்கள் ஏன் வந்தார்கள்? அவர்கள் வீட்டிலே அடுப்பெரிந்ததா? எந்த ஆண்டு எந்த வாரம் அவர்களை வெளியேற்றியது? நாவல் கேட்கவில்லை. மண்ணுக்கு உயிர் கொடுத்த நாவல், அந்த மண்ணை உழுதவனுக்கு நிழல் மட்டுமே கொடுத்தது. வஞ்சம் தீர்க்க மண்ணே எழ வேண்டியதாயிற்று. மனிதன் எழுந்தால் காரணம் சொல்ல வேண்டுமே! அறம் பற்றிய குருட்டுத்தனம் கலையிலே ஓட்டையாக விழுந்த இடம் இது. நான் அவர்மேல் சாட்டும் குற்றம் கட்சிக் குற்றமன்று, கலைக் குற்றம்.

தொண்ணூறுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிய அந்தக் கை 1957 அக்டோபரில் ஓய்ந்தது. டப்ளின் மருத்துவமனையிலே இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து ஷோரம் ஊரிலே. லெட்விட்ஜின் கல்லறை பெல்ஜியத்திலே. ஒரே மாவட்டத்து மண்ணைப் பாடிய இருவர். இருவர் உடலும் அந்த மண்ணிலே இல்லை. ஸ்லேனிலே லெட்விட்ஜ் வாழ்ந்த சிறு வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. டன்சனியின் கோட்டை இன்றும் அவர் குடும்பத்தார் வசமே இருக்கிறது.

மாணவர்களுக்கு என்ன சொன்னேன்? நாடகத்தை நடிக்கலாம் என்றேன். எழுதியவர் எதிர்ப்பக்கத்தில் நின்றார் என்பதற்காக ஒரு நல்ல நாடகத்தைக் கொளுத்துவது நமக்கு அழகன்று. ஆனால் ஒன்று கேட்டேன். திரை உயருமுன் ஒருவன் மேடைக்கு வந்து, இந்த நாடகத்தை எழுதிய பிரபுவின் கதையையும், அவர் வளர்த்த சாலைக் கூலியின் கதையையும் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட அதே மாணவன் ஒப்புக்கொண்டான். எழுதிக்கொண்டு வந்து காட்டினான். கடைசி வரியைப் படித்தேன்: "சிலை வருகிறது என்று அஞ்சாதீர்கள், யாருடைய கண்ணை யார் எடுத்தார்கள் என்று கேளுங்கள்" என்று எழுதியிருந்தான்.

திருத்த ஒன்றுமில்லை என்று சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.